நீ யாருடைய ஆள்?

சிப்பாயாகச் சேர்ந்து, தென்சீமையை ஆண்டு, தூக்குக் கயிற்றில் முடிந்த கும்மந்தான் கான் சாகிப்பின் அரசியல் கணக்கு

1760 ஜூன் மாதம். இலங்கையிலிருந்து ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) படை ஒன்று தூத்துக்குடியில் வந்து இறங்கியது. இன்னொரு பிரிவு தெற்கே மணப்பாட்டில் கரையேறியது. ஒல்லாந்தருக்குத் தூத்துக்குடி புதிய ஊர் இல்லை. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து அதைப் பிடித்த நாள் முதல் கிட்டங்கியும் காவலுமாக அங்கேதான் இருந்தார்கள். பரிசுத்த திரித்துவ ஆலயத்தை அவர்கள் கட்டி எழுப்பிப் பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆனால் இந்த முறை வந்தவர்கள் கரையோடு நிற்கவில்லை. தாமிரபரணிப் பக்கம் உள்ளே நடந்து, ஆழ்வார்திருநகரியில் கூடாரம் அடித்துவிட்டார்கள்.

நேரம் பார்த்துத்தான் வந்தார்கள். ஆங்கிலேயக் கும்பினியின் வெள்ளைக்காரப் பட்டாளம் முழுவதும் அப்போது புதுச்சேரியைச் சுற்றி வளைத்துப் பிரெஞ்சுக்காரர்களின் கதையை முடித்துக்கொண்டிருந்தது. தெற்கே காவலுக்கு ஓர் ஆங்கிலேயத் தளபதிகூட இல்லை. இருந்தவர் ஒருவர்தான். ராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஒரு தமிழர். முப்பத்தைந்து வயதுக்காரர். கும்பினியின் காகிதங்களில் அவர் பெயர் யூசுப் கான். ஊர்வாயில் கும்மந்தான் கான் சாகிப். பிறந்தபோது வைத்த பெயர் மருதநாயகம் என்பார்கள்.

மேற்கே பாளையக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், செய்தி வந்ததும் சிப்பாய்களைத் திரட்டிக்கொண்டு கிழக்கே திரும்பினார். அவர் வருகிறார் என்று தெரிந்ததுமே ஒல்லாந்தர் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு ஓடினார்கள். பெரிய சண்டை என்று ஒன்றுமே நடக்கவில்லை. சிறிது காலத்தில் வந்த படை இலங்கைக்கே கப்பல் ஏறிவிட்டது.

நம் பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் கும்மந்தானின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட கேள்வி இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். ஒரு சீமையைக் கடல்வழிப் படையெடுப்பிலிருந்து தன் பொறுப்பிலேயே காப்பாற்றிக் கொடுத்தவன், அதற்குப் பிறகும் வெறும் படைவீரன்தானா? சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்தவர்கள் 'ஆம்' என்றார்கள். ஆற்காட்டு நவாபு ஒரு படி மேலே போய், 'அவன் என் வேலைக்காரன்' என்றார்.

கடலுக்கும் ஒரு கணக்கு உண்டு

ஒல்லாந்தருக்குத் தாமிரபரணிக் கரை மேல் ஏன் இத்தனை ஆசை? துணி ஒரு காரணம். முத்து இன்னொன்று.

வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று நீளும் இந்தக் கரைக்கு எதிரே கடலடியில் சிப்பி விளையும் பார்கள் இருக்கின்றன. பார் விளைந்தால்தான் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு. அது ஆண்டுதோறும் வராது. பல ஆண்டுகள் ஒன்றுமில்லாமல் கிடந்து, திடீரென்று ஒரு பருவத்தில் அள்ளிக் கொடுக்கும். குளியாள் ஒரு கல்லில் கால் வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். கல் அவரை அடிக்குக் கொண்டுபோகும். மூச்சு இருக்கும்வரை சிப்பியைக் கூடையில் வாரிப்போட்டுவிட்டுக் கயிற்றை அசைத்தால், தோணியில் இருப்பவர் இழுத்து மேலே எடுப்பார். கரைக்கு வந்த சிப்பி ஆயிரக்கணக்கில் குவிந்து, அழுகி, நாறி, கழுவப்பட்டு, துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலிக்கப்பட்ட பிறகுதான் முத்து என்ற சரக்கு கண்ணில் படும். அந்த நாற்றத்தைத் தாங்கத்தான் இத்தாலியிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வியாபாரிகள் வந்தார்கள்.

வரி போடுவதற்கு வாகான அலகாக இருந்தது அந்தக் கல்தான். இத்தனை கல் குளிக்கலாம் என்பதுதான் உரிமை. அதில் ராமநாதபுரம் சேதுபதிக்கு இத்தனை கல், நவாபுக்கு இத்தனை கல், பரதவர் சாதித் தலைவருக்கு இத்தனை கல், கோயிலுக்கு இத்தனை கல் என்று பங்கு பிரிந்து கிடந்தது. மிச்சம் யார் கையில் கடற்கரை இருக்கிறதோ அவர்களுக்கு. ஆக, திருநெல்வேலிச் சீமையை யார் ஆள்கிறார்கள் என்ற கேள்விக்குள், கடலடிச் சிப்பியில் யாருக்குப் பங்கு என்ற கேள்வியும் ஒளிந்திருந்தது. நிலத்தில் அரசு பலவீனமானால் கடலில் ஒல்லாந்தருக்கு லாபம். கும்மந்தான் பலமாக இருந்தது அவர்களுக்குப் பிடிக்காமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

திருச்சியில் பொய்க் கடிதம்

கும்மந்தானின் இளமை பற்றிச் சொல்லப்படுவதில் பாதி கதை, பாதி வரலாறு. வீட்டோடு கோபித்துக்கொண்டு ஓடிப்போனார், மதம் மாறினார், புதுச்சேரியில் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்த்தார் என்பவை கதைப் பக்கம். 1752இல் கும்பினிப் படையில் கிளைவின் கீழ் வந்து சேர்ந்ததிலிருந்து வரலாற்றுப் பக்கம்.

அந்த ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளியைப் பிடித்தவரே கர்நாடகத்துக்கு, அதாவது ஆற்காட்டுச் சீமைக்கு, நவாபு என்ற நிலை. கும்பினி முகமது அலியைத் தூக்கிப் பிடித்தது. பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையும் எதிரணி. மலைக்கோட்டைக்குள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த பட்டாளத்துக்குச் சோறு வந்தால் உயிர், வராவிட்டால் சரணாகதி. சோற்று வண்டிகளை எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவி உள்ளே கொண்டுவந்து சேர்த்த ஆள் யூசுப் கான். தளபதி லாரன்ஸ் இவரைப் பிறவிப் போர்வீரன் என்றே எழுதிவைத்தார்.

பேர் வாங்கினால் பகையும் கூடவே வரும். லாரன்ஸுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த பொன்னியப்பன் என்பவர் மைசூர்த் தளவாய் நஞ்சராஜனிடம் காசு வாங்கிக்கொண்டு உளவு சொல்லிக்கொண்டிருந்தார். லாரன்ஸின் காதுக்குப் பக்கத்தில் யூசுப் கான் இருப்பது அவருக்கு இடைஞ்சல். ஆகவே யூசுப் கான் மைசூரோடு கள்ளத் தொடர்பு வைத்திருப்பதுபோல ஒரு பொய்க் கடிதத்தைத் தயார் செய்து, கண்ணில் படும்படி போட வைத்தார். கடிதம் கிடைத்தது. யூசுப் கான் காவலில் வைக்கப்பட்டார். பிறகு விசாரணையில் குட்டு வெளிப்பட்டு, துபாஷி பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார்.

வெறும் துரோகக் கதையாக இதைப் படித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தனை சோற்று வண்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தவர் மேல் சந்தேகம் விழுவதற்கு ஒரே ஒரு காகிதம் போதுமாக இருந்தது. அவர் என்ன செய்தார் என்பதை யாரும் கேட்கவில்லை. அவர் யாருடைய ஆள் என்றுதான் கேட்டார்கள். அந்த முறை விடை அவருக்குச் சாதகமாக வந்தது. 1754இல் கும்பினிச் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் கமாண்டன்ட், ஊர்வாயில் கும்மந்தான், ஆனார். தங்கப் பதக்கமும் கிடைத்தது.

அடுத்த ஆண்டு கர்னல் ஹெரோனோடு தெற்கே வந்தார். ஹெரோன் செய்த நல்ல காரியம் எதுவும் எனக்குத் தெரியாது. கோவில்குடிக் கோயில் விக்கிரகங்களை எடுத்துக்கொண்டு போனார். நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்து அடித்து அவற்றை மீட்டுக்கொண்டார்கள். லஞ்சம் வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஹெரோன் வேலையையும் இழந்தார். பணம் வசூலிக்கும் இடத்தில் ஒரு ராணுவ அதிகாரி எப்படி நடந்துகொள்ளக்கூடாது என்ற பாடத்தை யூசுப் கான் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டார். 1757இல் மதுரைக் கோட்டை பீரங்கிக்கு மசியாமல், பெருந்தொகை கைமாறிய பிறகே திறந்துகொண்டதையும் பார்த்தார். தென்சீமையில் கதவைத் திறப்பது துப்பாக்கி மட்டுமில்லை என்பது அவருக்குப் புரிந்த ஆண்டு அது.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது வடக்கே ஓடிப்போய், முற்றுகையிட்டவர்களையே வெளியிலிருந்து சுற்றிச் சுற்றி அடித்தார். ஓரிடத்தில் விரட்டினால் இன்னோரிடத்தில் வந்து மொய்க்கும் ஈக்கள் என்று லாலி நொந்துகொண்டாராம். 1759 பிப்ரவரியில் முற்றுகை கலைந்தது. கும்பினி பிழைத்தது.

குத்தகைச் சீட்டு

அதற்குப் பரிசாகவா, வேறு ஆள் இல்லாததாலா தெரியவில்லை, 1759இல் மதுரையும் திருநெல்வேலியும் யூசுப் கானுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். இந்த இடத்தில்தான் சிப்பாய் அரசியல்வாதி ஆகிறார்.

குத்தகை என்றால் என்ன என்பதை நம் கிராமத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருமானம் எவ்வளவு வந்தாலும் சொன்ன தொகையைக் கட்டியாக வேண்டும். மழை பொய்த்தாலும் கட்ட வேண்டும். பாளையக்காரர் கிஸ்தி கொடுக்க மறுத்தால் படை அனுப்பி வாங்க வேண்டும். படைக்குச் சம்பளம் நீயே கொடு. மிஞ்சினால் உனக்கு, மிஞ்சாவிட்டால் உன் தலை.

கும்மந்தான் இதை அசுரத்தனமாகச் செய்தார். நெற்கட்டும்செவல் பூலித்தேவரோடு அவர் நடத்திய சண்டை பல ஆண்டுகள் இழுத்தது. 1759இல் வாசுதேவநல்லூர்க் கோட்டையில் முட்டிமோதித் தோற்றுத் திரும்பினார். 1761 மே மாதத்தில்தான் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் அந்தப் பக்கத்துப் பனையூரும் அவர் கைக்கு வந்தன. பூலித்தேவரைக் கொண்டாடுகிற நாம் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறோம். புரட்டக்கூடாது. கும்பினிக்காகப் பாளையங்களை நொறுக்கியவரும், பின்னால் கும்பினியை எதிர்த்து நின்றவரும் ஒரே ஆள்தான். நத்தம் பக்கத்துக் கள்ளர்களை அவர் அடக்கிய விதத்தில் இரக்கம் இருந்ததாக யாரும் எழுதவில்லை.

ஆனால் நாடு அடங்கியது என்பதும் உண்மை. வழிப்பறி குறைந்தது. வரி முறையாக வந்தது. மதுரையில் கோயில் நிலங்களை மீட்டுக் கொடுத்தார் என்ற பேச்சு இன்றும் உண்டு. அவர் செத்து இருபது ஆண்டு கழித்துத் தெற்கே படை நடத்திய கர்னல் ஃபுல்லார்டன், கும்மந்தானின் ஆட்சியை வாய்விட்டுப் புகழ்ந்தார்: நீதியில் பாரபட்சம் கிடையாது, சொன்ன சொல் தவறியதில்லை, குற்றவாளிக்கு ஒளிய இடம் கிடையாது என்ற பொருளில். தூக்கிலிட்டவர்களின் அணியைச் சேர்ந்த ஓர் அதிகாரி இப்படி எழுதுவதென்றால் அதற்கு எடை உண்டு. மதுரையில் கான்சாமேட்டுத் தெருவும், விருதுநகர் மாவட்டத்தில் கான்சாபுரமும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன.

சிக்கல் எங்கே வந்தது? கப்பம் யார் வழியாகப் போவது என்பதில் வந்தது. சீமைக்குச் சட்டப்படி உரிமையாளர் நவாபு முகமது அலி. அவரைத் தூக்கி நிறுத்தியது கும்பினி. அந்தக் கும்பினியிடம் நவாபு பட்ட கடன் மலையாகக் குவிந்து கிடந்தது. கடனை அடைக்க அவருக்கு ஒவ்வொரு சீமை வருமானமும் தேவை. இந்த இரண்டு எஜமானர்களுக்கும் நடுவே கும்மந்தான். தான் கும்பினியின் அதிகாரி, கும்பினிக்கு மட்டுமே பதில் சொல்வேன் என்பது அவர் நிலை. இல்லை, என் குத்தகைதாரன், என் கணக்கரிடம் கணக்கைக் காட்டு என்பது நவாபின் நிலை.

1761இல் அவர் தானாகவே ஒரு யோசனை வைத்தார். இன்னும் நான்கு ஆண்டுகளுக்குக் குத்தகையை நீட்டித்துக் கொடுங்கள், ஆண்டுக்கு 7 லட்சம் கட்டுகிறேன் என்றார். ஐந்து எங்கே, ஏழு எங்கே! லாபம் பார்க்கும் கம்பெனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கும்பினி மறுத்தது. அவ்வளவு பணம் தரக்கூடியவன் எவ்வளவு பலமாக வளர்ந்துவிட்டான் என்ற அச்சம்தான் அந்த மறுப்பில் எனக்குத் தெரிகிறது. பிறகு, நவாபுக்குக் கீழ்ப்படிந்து நட என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்தது.

மாஸ்கோவிலும் இதே கேள்வி

ராணுவத்திலிருந்து அரசியலுக்கு வருபவர்களின் பாதையை உலகம் முழுக்கப் பார்த்தால் இந்தத் திருப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. நம் காலத்தில் ரஷ்யா இதற்கு நல்ல களம்.

அலெக்சாந்தர் ருத்ஸ்கோய் விமானப்படை அதிகாரி. ஆப்கானிஸ்தானில் சுட்டு வீழ்த்தப்பட்டு உயிர் பிழைத்தவர். 1991இல் அதிபர் வேட்பாளர் யெல்த்சினோடு ஜோடி சேர்ந்து துணை அதிபர் ஆனார். இரண்டே ஆண்டில் நாடாளுமன்றத்தின் பக்கம் போய் நின்றார். 1993 அக்டோபரில் அதே நாடாளுமன்றக் கட்டடத்தை டாங்கிகள் சுட்டன. அவர் சிறைக்குப் போனார். மறு ஆண்டே பொது மன்னிப்பில் வெளியே வந்து, 1996இல் கூர்ஸ்க் மாகாணத்துக்கு ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அலெக்சாந்தர் லெபெத் இன்னும் நெருக்கமான உதாரணம். பாராசூட் படை ஜெனரல். அவரும் ஆப்கானிஸ்தானில் சண்டையிட்டவர். 1992இல் மால்டோவாவின் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவில் 14ஆம் படையின் தலைவராகப் போய்ச் சண்டையை நிறுத்தினார். ஊழலைப் பற்றி முகத்துக்கு நேரே பேசி மேலிடத்தைக் கோபப்படுத்தி, 1995இல் ராணுவத்தை விட்டு வெளியே வந்தார். அடுத்த ஆண்டே அதிபர் தேர்தல். முதல் சுற்றில் 14.5 சதவீத வாக்குகளோடு மூன்றாம் இடம். இரண்டாம் சுற்றுக்கு அந்த வாக்குகள் வேண்டும் என்பதால் யெல்த்சின் அவரைப் பாதுகாப்பு கவுன்சிலின் செயலராக்கினார். லெபெத் செச்சினியாவுக்குப் போய், எதிரணியின் அஸ்லான் மஸ்கதோவோடு உட்கார்ந்து, 1996 ஆகஸ்ட் கடைசியில் கசவ்யூர்த் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முதல் செச்சினியப் போரை முடித்தார். அக்டோபரில் யெல்த்சின் அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

போரை நிறுத்தியவரை ஏன் அனுப்ப வேண்டும்? தேர்தல் முடிந்துவிட்டது, வாக்குகள் வந்துவிட்டன. இனி அந்த மனிதருக்கு இருக்கும் செல்வாக்கு ஆபத்து. கும்மந்தானின் 7 லட்சமும் லெபெத்தின் 14.5 சதவீதமும் எஜமானின் கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் தெரிந்திருக்கின்றன. லெபெத் 1998இல் சைபீரியாவின் கிராஸ்நயார்ஸ்க் மாகாணத்தில் நின்று ஆளுநர் ஆனார். 2002 ஏப்ரல் 28 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில் சரத் பொன்சேகா இருக்கிறார். 2009இல் உள்நாட்டுப் போரை முடித்த இலங்கைத் தரைப்படைத் தளபதி. 2010 ஜனவரியில் அதிபர் தேர்தலில் தன் பழைய எஜமானரான அதிபரையே எதிர்த்து நின்றார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பே அவரை ஆதரித்தது என்றால் அரசியல் எப்படியெல்லாம் வளைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். யார் மேல் படை நடத்தினாரோ அவர்களின் வாக்கு வடக்கிலும் கிழக்கிலும் அவருக்கு விழுந்தது. ஏறக்குறைய 40 சதவீதம் வாங்கித் தோற்றார். தேர்தல் முடிந்து இரண்டு வாரத்தில் கைது. இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை. 2015இல் ஆட்சி மாறியதும் பீல்ட் மார்ஷல் பட்டம், பின்னர் அமைச்சர் பதவி. 2024 அதிபர் தேர்தலில் மீண்டும் நின்றபோது கிடைத்தது சொற்ப வாக்குகள்.

இந்தியாவில் இந்த ஆபத்து குறைவு. இங்கே ராணுவக்காரர் அரசியலுக்கு வந்தால் கட்சி வாசல் வழியாகத்தான் வர முடிகிறது. மேஜர் ஜெனரல் கந்தூரி உத்தராகண்ட் முதல்வராகவும், ஜெனரல் வி.கே. சிங் மத்திய அமைச்சராகவும் வந்தது அப்படித்தான். இந்தியாவின் முதல் இந்தியத் தளபதி கரியப்பா 1971இல் மக்களவைக்கு நின்று தோற்றார். பேரும் புகழும் இருந்தும், யாருடைய ஆள் என்று வாக்காளருக்குத் தெரியாவிட்டால் பெட்டி நிறையாது.

மதுரைக் கோட்டையில் கடைசி ஆண்டு

கும்மந்தானுக்குக் கட்சி கிடையாது. தேர்தல் கிடையாது. பதவி விலகிவிட்டு மறுபடி வர வழியும் கிடையாது. அவர் காலத்தில் எஜமானரை மாற்ற வேண்டுமென்றால் கொடியை மாற்ற வேண்டும்.

1763இல் அதைச் செய்தார். மதுரையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. மார்சான் என்ற பிரெஞ்சுத் தளபதி அவரிடம் வந்து சேர்ந்திருந்தார். பிரான்சு அப்போது தென்னிந்தியாவில் ஏறத்தாழ முடிந்துபோன சக்தி. புதுச்சேரி 1761 ஜனவரியிலேயே விழுந்துவிட்டது. நல்ல தளபதிக்குத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது. தெரியாமல் செய்தார் என்று நான் நம்பவில்லை. பிடிக்க வேறு கை எதுவும் மிச்சமில்லை என்பதுதான் உண்மை. திருவிதாங்கூரோடு களக்காட்டுப் பக்கம் சண்டை போட்டு அந்தப் பக்கத்தையும் பகைத்துக்கொண்டிருந்தார். பாளையக்காரர்களை அவரே நொறுக்கியிருந்தார். நான்கு ஆண்டு நல்ல நிர்வாகம் அவருக்கு மக்களிடம் மரியாதையைக் கொடுத்தது. கூட்டாளிகளைக் கொடுக்கவில்லை. ராணுவக்காரர்களின் அரசியலில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஓட்டை இது.

1763 செப்டம்பரில் கும்பினிப் படை மதுரையைச் சுற்றியது. மழை வந்ததும் படை திரும்பிப் போனது. மறு ஆண்டு மேஜர் சார்லஸ் கேம்பெல் தலைமையில் மீண்டும் வந்தது. 1764 ஜூன் 26 அன்று மதிலில் ஏற முயன்று பெரும் உயிர்ச்சேதத்தோடு பின்வாங்கியது. மேஜர் பிரெஸ்டன் அதில் பட்ட காயத்தால் இறந்தார். கும்பினிக்குத் தான் பயிற்றுவித்த சிப்பாய்களின் தரம் அன்றுதான் முழுசாகத் தெரிந்திருக்கும். அதன் பிறகு மோதவில்லை. சுற்றி உட்கார்ந்து பட்டினி போட்டது. திருச்சியில் சோற்று வண்டி ஓட்டி வளர்ந்தவருக்கு, மதுரைக்குள் ஒரு வண்டிகூட வராத நிலை.

உள்ளே பசி முற்ற முற்றப் பேச்சும் மாறியது. மார்சான் சரணடையச் சொன்னார். வாக்குவாதத்தில் கும்மந்தான் அவரைக் குதிரைச் சவுக்கால் அடித்தார். 1764 அக்டோபர் 13 அன்று, தொழுகையில் இருந்தவரை திவான் சீனிவாச ராவ், மருத்துவர் பாபா சாகிப், மார்சான் ஆகியோரின் ஆட்கள் மடக்கினார்கள். அவர் தலைப்பாகையாலேயே கட்டினார்கள். என்னை நவாபிடம் மட்டும் ஒப்படைக்காதீர்கள், இங்கேயே கொன்றுவிடுங்கள் என்று கேட்டதாகச் சொல்கிறார்கள். கேம்பெலிடம் போனவர் நவாபின் கைக்குப் போனார். அக்டோபர் 15 அன்று மதுரைக்கு மேற்கே தூக்கிலிடப்பட்டார்.

கயிறு இரண்டு முறை அறுந்தது, தாயத்தை அவிழ்த்த பிறகுதான் உயிர் போனது, செத்தபின் உடலைக் கூறுபோட்டுத் தலையைத் திருச்சிக்கும் கைகால்களை வேறு வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள் என்றெல்லாம் கதை உண்டு. மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா இருக்கிறது. நா. வானமாமலை பதிப்பித்த 'கான்சாகிபு சண்டை' என்ற கதைப்பாடல் வழியே கிராமத்து நினைவிலும் இருக்கிறார். சினிமா ரசிகர்களுக்கு 1997 அக்டோபரில் எலிசபெத் மகாராணியை வைத்துத் தொடங்கப்பட்டு முடியாமலே நிற்கும் கமல்ஹாசனின் படம் நினைவுக்கு வரும். போர்த்துகீசிய வழி வந்தவர் என்று சொல்லப்படும் மனைவி மாசாவும், சின்னஞ்சிறு மகனும் வரலாற்றின் ஏடுகளிலிருந்து மெல்ல நழுவிவிட்டார்கள்.

அவர் விடுதலை வீரரா, கும்பினியின் கூலிப்படைத் தலைவரா என்று மேடைகளில் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் பாதி மனிதரைத்தான் இழுத்துக்கொண்டு போகிறது. குத்தகைச் சீட்டு கையெழுத்தானபோது அவர் விசுவாசி. அதே சீட்டைப் புதுப்பிக்கக் கும்பினி மறுத்தபோது கலகக்காரர். நடுவில் அவர் குணத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் நடந்துவிடவில்லை. சீமையை நன்றாக நடத்திக் காட்டினால் சீமை தனக்கே கிடைக்கும் என்று நம்பினார். அதிகாரம் அப்படிக் கைமாறுவதில்லை என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

தூத்துக்குடி அதற்குப் பின் பல எஜமானர்களைப் பார்த்தது. ஒல்லாந்தர் 1825இல் ஒரேயடியாக ஊரை விட்டார்கள். 1906இல் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்து, கும்பினியின் வாரிசுகளைக் கடலிலேயே எதிர்த்தார். 1961க்குப் பிறகு இந்தக் கரையில் முத்துச் சலாபம் நடக்கவில்லை. 1974இல் பெருந்துறைமுகம் ஆகி, 2011இல் சிதம்பரனார் பெயரைச் சூடிக்கொண்டது. கும்மந்தானுக்கு இங்கே ஒரு தகவல் பலகை வைத்தால் தப்பில்லை என்பது என் கருத்து. 1760 ஜூனில் ஆழ்வார்திருநகரி வரை வந்த ஒரு படையைத் திருப்பி அனுப்பியவர் அவர்தான்.

யாரால் அவர் தூக்கில் ஏற்றப்பட்டாரோ அந்த நவாபு குடும்பத்தின் கணக்கும் பின்னால் முடிந்தது. கடன் மேல் கடன் ஏறி, 1801 ஜூலை 31 அன்று கர்நாடகம் முழுவதையும் கும்பினி எழுதி வாங்கிக்கொண்டது. திருநெல்வேலிச் சீமையும் அதில் அடக்கம். நவாபுக்கு மிஞ்சியது பட்டமும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்.